நகவெட்டி, தொப்பி, கப்பல் சக்கரம்

மிஷ்கினின் ‘யுத்தம் செய்’ படத்தில் வரும் அந்தப் பாலத்துச் சண்டையைப் பார்த்திருப்பீர்கள். இரவு நேரம். சி.பி.சி.ஐ.டி. அதிகாரி ஜே.கே.யாக வரும் சேரனை ஒரு கூட்டம் சுற்றி வளைக்கிறது. வந்தவர்கள் கையில் ஆயுதங்கள். சேரன் கையில் ஒரு நகவெட்டி. 2011 பெப்ரவரியில் வந்த படம். இன்றைக்கும் கல்முனையில் சினிமா பேசுகிற பொடியன்மார் நாலு பேர் கூடினால், “அந்த நகவெட்டிச் சண்டை இருக்கே மச்சான்” என்று யாராவது ஒருவர் தொடங்காமல் விடமாட்டார்.

சண்டை புதுசு என்பதற்காகத்தான் பலரும் அதைச் சொல்கிறார்கள். எனக்கு அந்த நகவெட்டி பிடித்ததற்குக் காரணம் வேறு. அந்தப் படத்தின் கதை என்ன? பொது இடங்களில் அட்டைப் பெட்டிகள் கிடக்கின்றன. திறந்தால் உள்ளே வெட்டப்பட்ட மனிதக் கைகள். யாருடைய கைகள், வெட்டியது யார், ஏன் மக்கள் பார்க்கும்படி வைக்கிறார்கள் என்பதுதான் முழுப்படமும். கைகளைப் பற்றிய படத்தில், கைகளை வெட்டுகிறவர்களைத் தேடிப் போகிற ஒரு மனிதன், தன் கையைச் சுத்தமாக வைத்திருப்பதற்கென்று சட்டைப் பையில் வைத்திருந்த சாமானால் உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறான். மிஷ்கின் இதை யோசித்து வைத்தாரா, தானாக விழுந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஒரு துப்பறியும் படத்தில் ஒரு பொருள் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலையை அந்தச் சின்ன நகவெட்டி செய்துவிடுகிறது. ஜே.கே. எப்படிப்பட்ட மனிதன் என்பதைச் சொல்கிறது, கதை எதைப் பற்றியது என்பதையும் சொல்கிறது. அதற்காக ஒரு வசனம்கூட இல்லை.

துப்பறியும் பாத்திரங்களுக்கு ஏன் எப்போதும் ஒரு தொப்பி, ஒரு குழாய், ஒரு கிறுக்குப் பழக்கம் என்ற கேள்வி எனக்குப் பல காலமாக உண்டு. பொலிஸ் படத்துக் கதாநாயகனுக்கு மீசையும் துப்பாக்கியும் போதும். காதல் படத்து நாயகனுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் போதும். துப்பறிகிறவனுக்கு மட்டும் ஏதாவது ஒன்று கையில் இருந்தே ஆகவேண்டும். காரணம் மிக எளிமையானது என்று நினைக்கிறேன். அவனுடைய தொழில் யோசிப்பது. நாவல் எழுதுகிறவர் அவனுடைய தலைக்குள் போய்விடலாம். பத்துப் பக்கம் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். கமராவால் நெற்றிவரைக்கும்தான் போக முடியும். நெற்றிக்குள் நடப்பது வெளியே தெரிய வேண்டுமென்றால் அது எங்காவது வழிய வேண்டும். கையில் வழிகிறது, நடையில் வழிகிறது, அவன் திரும்பத் திரும்பச் செய்கிற ஒரு சின்னச் செயலில் வழிகிறது.

இதற்கு என்னிடம் உள்ள ஆகச் சிறந்த சாட்சி ஒரு கதைதான். அகதா கிறிஸ்டியின் முதல் நாவல், 1920இல் வந்த ‘ஸ்டைல்ஸ் மர்மம்’. ஹெர்க்யூல் பொய்ரோவுக்குக் கண்ணில் படுகிற எதையும் நேராக்கி அடுக்கி வைக்காமல் இருக்க முடியாது. வாசிக்கிறவருக்கு அது வேடிக்கையாக இருக்கிறது. கிழவருக்கு ஒரு பைத்தியம் என்று விட்டுவிடுகிறோம். கடைசியில் நண்பன் ஹேஸ்டிங்ஸ் ஒரு பேச்சில், அடுப்புமாடத்தின் மேல் இருந்த சாமான்களை நீங்கள் நேராக்கிக்கொண்டிருந்தபோது உங்கள் கை நடுங்கியது என்கிறான். பொய்ரோ திடுக்கிட்டுப் போகிறார். அதே சாமான்களை அதே காலையில் ஏற்கெனவே நேராக்கியாயிற்றே! அப்படியென்றால் இடையில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். தேடிக்கொண்டிருந்த கடிதம் அங்கேயே கிடைத்துவிடுகிறது. பழக்கம்தான் வழக்கை முடிக்கிறது. டேவிட் சூஷே 1989 முதல் 2013 வரை தொலைக்காட்சியில் பொய்ரோவாக வாழ்ந்தபோது, பாத்திரத்தின் பழக்கவழக்கங்களை மூலக்கதைகளிலிருந்து ஒன்றொன்றாகப் பொறுக்கி நீண்ட பட்டியலாக எழுதி வைத்துக்கொண்டு நடித்தார். அதற்கு இதுதான் காரணம். பொய்ரோவின் பழக்கத்தை எடுத்துவிட்டால் பொய்ரோவின் மூளையும் போய்விடும்.

இனித் தொப்பிக்கு வருவோம். ஷெர்லொக் ஹோம்ஸின் காது மறைக்கும் தொப்பி உலகம் முழுக்கத் தெரியும். அதை அவர் தலையில் பிரபலமாக்கியது ஸ்ட்ராண்ட் சஞ்சிகைக்குப் படம் வரைந்த சிட்னி பேஜெட். வளைந்த புகைக்குழாயை ஹோம்ஸ் கையில் கொடுத்தது, 1899இல் தொடங்கிப் பல வருஷம் மேடையில் அவராக நடித்த வில்லியம் ஜில்லெட் என்ற அமெரிக்க நடிகர். கோனன் டொயில் எழுதிவைத்த உண்மையான ஹோம்ஸ் பழக்கம் வேறு. எதிரில் வருகிறவரின் கையையும் சப்பாத்தையும் பார்த்து இன்ன தொழில், இன்ன ஊர் என்று சொல்வது. அது எடின்பரோவில் கோனன் டொயிலுக்கு மருத்துவம் படிப்பித்த ஜோசப் பெல் என்ற டொக்டரின் வழக்கம். நோயாளி வாய் திறப்பதற்கு முன் அவர் என்ன வேலை செய்கிறவர் என்று பெல் கண்டுபிடித்துவிடுவாராம். ஆகவே ஹோம்ஸின் உயிர் தொப்பியில் கிடையாது; ஒரு வைத்தியர் நோயாளியைப் பார்க்கிற பார்வையில் இருக்கிறது. தொழிலிலிருந்து வந்த பழக்கம் அது. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

தமிழுக்குத் தொப்பிதான் முதலில் வந்து சேர்ந்தது. தமிழ்வாணனை நினைத்துப் பாருங்கள். ஒரு தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் வரைந்துவிட்டால் போதும், முகம் வேண்டாம், தமிழ்வாணன் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். எழுத்தாளரே துப்பறிகிறவரின் வேஷத்தைப் போட்டுக்கொண்டார். அவருடைய சங்கர்லாலுக்கு இருந்த பழக்கம் தேநீர். சூடான தேநீர் குடித்தால்தான் மூளை ஓடும். சங்கர்லாலை வாசித்த எங்கள் பக்கத்து மூத்த தலைமுறைக்குத் தொப்பியைவிட அந்தத் தேநீர்தான் நெருக்கமாக இருந்திருக்கும். காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, அசருக்குப் பிறகு ஒன்று என்று தேத்தண்ணியில் ஓடுகிற ஊர்கள் இவை. குடித்து முடித்துவிட்டுக் கதை பேசுவதில்லை நாங்கள், குடித்துக்கொண்டுதான் பேசுவோம், யோசிப்போம், வழக்குத் தீர்ப்போம்.

சினிமா அந்தத் தேநீரை எடுத்துக்கொள்ளவில்லை, தொப்பியை எடுத்துக்கொண்டது. அறுபதுகளில் சேலம் மொடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘வல்லவன் ஒருவன்’ (1966), பிறகு ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970), இரண்டிலும் ஜெய்சங்கர். தென்னகத்து ஜேம்ஸ் பொண்ட் என்றே அவருக்குப் பெயர். கோட், துப்பாக்கி, கார், நடனக் கூடம். ஓடுவதும் சுடுவதும் நிறைய. உட்கார்ந்து யோசிப்பது குறைவு. சுஜாதாவின் கணேஷ்கூட 1978இல் ‘பிரியா’ படத்தில் ரஜினிகாந்தாகத் திரைக்கு வந்தபோது சிங்கப்பூரும் இளையராஜாவின் பாட்டுகளும்தான் மனதில் நின்றன. புத்தகத்தில் கேள்விமேல் கேள்வி கேட்டுக் குடைகிற அந்த வக்கீலைப் படத்தில் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. இதற்கெல்லாம் முன்னால், 1954இல், எஸ்.பாலசந்தரின் ‘அந்த நாள்’ இருக்கிறது. பாட்டே இல்லாத தமிழ்ப் படம். அதில் சி.ஐ.டி. சிவானந்தமாக வரும் ஜாவர் சீதாராமன் ஓடவும் இல்லை, சுடவும் இல்லை. கேட்கிறார், கேட்டுக்கொண்டே இருக்கிறார். அந்த வழியில் தமிழ் சினிமா தொடர்ந்து நடந்திருந்தால் எங்களுக்கு இன்று வேறொரு துப்பறியும் மரபு இருந்திருக்கும் என்ற ஏக்கம் எனக்கு எப்போதும் உண்டு.

மிஷ்கின் திரும்பவும் 2017 செப்டெம்பரில் ‘துப்பறிவாளன்’ எடுத்தார். விஷாலுக்கு இந்தத் தடவை நேராகவே ஹோம்ஸ் வேஷம்: தொப்பி, கழுத்தைச் சுற்றிய சால்வை, கூடவே வாட்சன் மாதிரி பிரசன்னா. பெயர் மட்டும் கணியன் பூங்குன்றன். சங்கப் புலவரின் பெயரை ஹோம்ஸின் தலையில் வைத்த அந்தத் துணிவு எனக்குப் பிடிக்கும். ஆனால் சென்னை வெயிலில் அந்தத் தொப்பியும் சால்வையும் பாத்திரத்தைப் பற்றி எதைச் சொல்கின்றன? “நான் ஷெர்லொக்” என்று சொல்கின்றன. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அந்தப் படத்தில் கணியனை எனக்குக் காட்டிக்கொடுத்தது வேறொரு விஷயம். பெரிய பெரிய ஆட்களின் வழக்குகளில் மனம் போகாதவனிடம் ஒரு சிறுவன் வருகிறான். தன் நாய்க்குட்டியைச் சுட்டுக் கொன்றது யார் என்று கண்டுபிடித்துத் தரச் சொல்கிறான். கணியன் அதை முழு மரியாதையோடு எடுத்துக்கொள்கிறான். அந்த நாயிலிருந்துதான், மின்னல் தாக்கி இறந்ததாக எல்லோரும் நம்பிய மரணம் உட்பட அவ்வளவும் அவிழ்கிறது. ஒரு பிள்ளையின் துக்கத்தைச் சின்ன விஷயமாக நினைக்காத குணம் எந்தத் தொப்பியையும்விடப் பெரிய அடையாளம். ‘யுத்தம் செய்’ ஜே.கே.யையும் ‘துப்பறிவாளன்’ கணியனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நான் யோசிக்காமல் ஜே.கே.யைத்தான் எடுப்பேன். நகவெட்டி இந்த மண்ணில் எல்லாச் சட்டைப் பையிலும் இருக்கக்கூடிய சாமான்.

மற்றப் படங்களையும் தொட்டுவிட்டுப் போகிறேன். ‘துருவங்கள் பதினாறு’வில் (2016) ரகுமானின் கால்தான் அடையாளம். ஓய்வுபெற்ற அதிகாரி ஏன் அப்படி நடக்கிறார் என்ற கேள்வியை முதலிலேயே போட்டுவிட்டு, கார்த்திக் நரேன் கடைசிவரை நம்மை இழுத்துக்கொண்டு போகிறார். ‘ராட்சசன்’ (2018) படத்தில் விஷ்ணு விஷாலின் சுவர் நிறையப் பத்திரிகைத் துண்டுகள். இப்போது உலகம் பூராவும் துப்பறியும் தொடர்களில் சுவரில் படம் ஒட்டி நூல் கட்டுவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. ஆனால் ‘ராட்சசன்’ சுவர் வேறு. அவன் சினிமா எடுக்க ஆசைப்பட்டு, கதைக்காகச் சேர்த்த துண்டுகள் அவை. பிறகு பொலிஸ் வேலைக்குப் போனபோது நிறைவேறாத ஆசையே அவனுக்கு ஆயுதமாகிறது. ஒரு பொருளுக்குப் பின்னால் இப்படி ஒரு வாழ்க்கை இருந்தால் எத்தனை தடவை பார்த்தாலும் சலிக்காது.

இன்னொரு வகைப் பழக்கம் இருக்கிறது. யோசனையை வெளியே காட்டுவதற்குப் பதிலாக அதை மறைக்கிற பழக்கம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் பீட்டர் ஃபால்க் நடித்த லெப்டினன்ட் கொலம்போவைச் சொல்கிறேன். கசங்கிய மழைக்கோட், ஓட்டைக் கார், போகிற மாதிரி வாசல்வரை போய்த் திரும்பிவந்து இன்னும் ஒரு விஷயம் சேர் என்று கேட்கிற கேள்வி. அந்தக் கோட் ஃபால்க்கின் சொந்தக் கோட்; மழையில் மாட்டிக்கொண்ட ஒரு நாளில் நியூயோர்க்கில் வாங்கியது. அநேகமாக ஒவ்வொரு கதையிலும் கொலைகாரர் பணக்காரர், படித்தவர், பெரிய வீட்டுக்காரர். கசங்கிய கோட்டைப் பார்த்ததும் அவர்களுக்கு இந்த மனிதன் மேல் ஓர் இளக்காரம் வந்துவிடுகிறது. அந்த இளக்காரத்திலேயே மாட்டிக்கொள்கிறார்கள். ஏழைபோலத் தெரிகிறவனைக் குறைவாக எடைபோடும் உலகத்தைப் பற்றிய கதை அது, ஒரு கோட்டின் வடிவத்தில்.

கொலம்போவுக்கு வெகுகாலம் முன்பே உருது மொழியில் இதைச் செய்தவர் இப்னு ஸஃபீ. 1955இல் அவர் தொடங்கிய நாவல் வரிசையின் நாயகன் அலி இம்ரான். ஊருக்கு அவன் ஒரு கோமாளி. பொருந்தாத நிறங்களில் உடுப்பு, வாயில் எப்போதும் சூயிங்கம், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில். பெற்ற தகப்பனே அவனை உருப்படாதவன் என்று நினைக்கிறார். உள்ளே இருப்பதோ நாட்டின் மிகக் கூர்மையான மூளை. பாகிஸ்தானிலும் இந்தியாவிலும் லட்சக்கணக்கானவர்கள் அந்த நாவல்களைத் தேடித்தேடி வாசித்தார்கள். தமிழ் பேசும் முஸ்லிம்களான எங்களுக்கு அவனைப் பெரிதாகத் தெரியாமல் போனது ஒரு நட்டம் என்றே நினைக்கிறேன்.

அந்தப் பெயரைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மலையாளத்தில் மம்மூட்டி நடித்த சேதுராம ஐயரைப் பலருக்கும் தெரியும். கே.மதுவின் இயக்கத்தில் 1988இல் ‘ஒரு சி.பி.ஐ. டயறிக் குறிப்பு’, அதன்பின் 2022இல் வந்த ஐந்தாவது பாகம்வரை அதே இயக்குநர், அதே எழுத்தாளர் எஸ்.என்.சுவாமி, அதே நடிகர். முதல் படம் மலையாளத்திலேயே சென்னையில் நீண்ட நாள் ஓடியது. ஐயர் துப்பாக்கியைத் தூக்குவதில்லை, யாரையும் அடிப்பதில்லை. நெற்றியில் குங்குமம், படிய வாரிய தலை, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு நடை. அந்த நடையோடு ஷ்யாமின் இசையும் சேர்ந்தால் போதும், இனி யாரும் தப்ப முடியாது என்று மனம் சொல்லிவிடும்.

இந்தக் கையைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். மற்றத் துப்பறிவாளர்கள் எல்லோரும் கையில் எதையாவது பிடித்திருக்கும்போது, ஐயர் மட்டும் கையையே மறைத்து வைத்திருக்கிறார். பேசுகிறவருக்கு அந்தக் கை தெரியாது. அவர் என்ன நினைக்கிறார் என்பதும் தெரியாது. கை தெரியாததால் எதிரில் நிற்பவர் தானாகவே அதிகம் பேசிவிடுகிறார். ஆனால் வேலை என்று வரும்போது அதே ஐயர் மொட்டைமாடிக்குப் போய், ஆள் உயரத்துப் பொம்மைகளைக் கீழே போட்டுப் பார்க்கச் சொல்கிறார். தானாகக் குதித்தால் உடம்பு எங்கே விழும், தூக்கிப் போட்டால் எங்கே விழும்? முதல் படத்தின் அந்தப் பொம்மைக் காட்சிதான் எனக்குத் தெரிந்த இந்தியத் துப்பறியும் படங்களிலேயே மிக நேர்மையான காட்சி. ஊகம் இல்லை, சாமர்த்தியப் பேச்சு இல்லை. போட்டுப் பார், விழுந்த இடத்தை அள.

சரி, அந்த இன்னொரு காரணம். எஸ்.என்.சுவாமி முதலில் மனதில் வைத்திருந்த அதிகாரியின் பெயர் சேதுராம ஐயர் இல்லை. அலி இம்ரான். ஒரு தமிழ்ப் பிராமணனாக மாற்றிப் பார்ப்போம் என்று சொன்னது மம்மூட்டிதான் என்று சுவாமியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கையைப் பின்னால் கட்டுகிற நடையும் மம்மூட்டி கொண்டுவந்தது. அலி இம்ரான் என்ற பெயர் வீணாகவில்லை. அதே 1988இல் கே.மதுவும் சுவாமியும் சேர்ந்த ‘மூணாம் முற’ படத்தில் மோகன்லாலுக்குப் போய்ச்சேர்ந்தது. அது ஆக்‌ஷன் படம். பெயர் பிழைத்தது, அந்த அமைதியான நடை அதற்குக் கிடைக்கவில்லை.

மம்மூட்டியின் முடிவில் எனக்குக் குறையில்லை. குங்குமமும் வாரிய தலையும் அந்த நடையும் ஒன்றோடொன்று அவ்வளவு பொருந்திப்போயின. அவரை வேறு மாதிரி நினைக்கவே முடியவில்லை. ஆனாலும் கல்முனையில் இருந்துகொண்டு பார்க்கிற ஒருவனுக்கு, குங்குமம் இருக்கிற இடத்தில் ஒரு தொழுகைத் தழும்பு இருந்திருந்தால் என்ற நினைப்பு வராமல் இருக்காது. நெற்றியில் தழும்புள்ள ஒருவர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குரலை உயர்த்தாமல் கேள்வி கேட்டு, உண்மையைக் கண்டுபிடிக்கிறார். அப்படி ஒரு படம் தமிழில் எனக்குத் தெரிய வரவில்லை.

நமக்கு வந்தது வேறு. தமிழ் சினிமாவில் தொப்பியும் தாடியும் சுர்மாவும் எதற்கு வந்தன என்று நினைத்துப் பாருங்கள். துப்பறிகிறவன் தலையில் தொப்பி ஏறினால் அது மூளையின் அடையாளம். எங்கள் தலையில் ஏறினால் அது துப்பு. கமரா அந்தத் தொப்பியில் ஒரு நொடி அதிகமாக நிற்கும், பின்னணி இசை கொஞ்சம் கனக்கும், தியேட்டரில் உள்ள எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிடும். 2012இல் ‘துப்பாக்கி’ வந்தபோது முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன, படக்குழு வருத்தம் தெரிவித்தது. அடுத்த வருஷம் ‘விஸ்வரூபம்’ தமிழ்நாட்டில் தடைப்பட்டுப் பிறகு வெளியானது. படத்தைத் தடைசெய்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு மனிதன் தினமும் உடுத்துகிற உடுப்பைத் தடயமாக மாற்றிவிட்டால் அவன் வீட்டைவிட்டு வெளியே வருவதே ஒரு வாக்குமூலம் மாதிரி ஆகிவிடும். 2021இல் வெங்கட் பிரபு ‘மாநாடு’ எடுத்து, சிம்புவுக்கு அப்துல் காலிக் என்று பெயர் வைத்து, ஒரு கொலையையும் அதை முஸ்லிம்கள் தலையில் போடும் சூழ்ச்சியையும் தடுக்கிறவனாக அவனைக் காட்டினார். நடந்ததையே திரும்பத் திரும்பப் பார்த்துப் பிழை எங்கே என்று கண்டுபிடிக்கிற அவனும் ஒரு வகைத் துப்பறிகிறவன்தான். அந்தப் படத்துக்கு நான் மனதார நன்றி சொல்வேன்.

இது சினிமாவுக்கு வெளியேயும் நடந்தது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையில் தேவாலயங்களில் கும்பிட்டுக்கொண்டிருந்தவர்களைக் கொன்றார்கள். அந்தப் பாவத்தைச் செய்த கூட்டத்தில் மிஞ்சியவர்கள் எங்கள் பக்கத்து ஊரான சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீட்டில் வந்து ஒளிந்தார்கள். 26ஆம் தேதி இரவு படையினர் சுற்றிவளைத்தபோது உள்ளே குண்டுகள் வெடித்தன. சின்னப் பிள்ளைகளும் அதில் போனார்கள். புதிதாக வந்தவர்கள்மேல் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தது ஊர் மக்கள். ஒரு வீட்டுக்கு ஆள் வந்தால் எங்கள் ஊரில் அயல் தெரிந்துகொள்ளும். யார் மகன், எங்கே பெண் எடுத்தது, எந்தப் பள்ளியில் தொழுகிறான் என்று ஒரு நாளில் கதை முழுதும் வந்துவிடும். கதை வராத வீடு என்றால் அதில் ஏதோ இருக்கிறது. பூதக்கண்ணாடி இல்லாமல் நடந்த துப்பறிதல் அது.

அடுத்த சில வாரங்களில் நாடு முழுக்கத் தேடுதல். முஸ்லிம் வீடுகளில் இருந்த அரபுப் புத்தகமும் சமையலறைக் கத்தியும்கூடச் சந்தேகப் பொருட்களாகின. மே மாதம் கண்டி மாவட்டத்து ஹசலக்கவில் ஒரு பெண்ணைக் கைதுசெய்தார்கள். அவர் அணிந்திருந்த உடுப்பில் தர்மச்சக்கரம் அச்சிட்டிருக்கிறது, பௌத்த சின்னத்தை அவமதித்துவிட்டார் என்று குற்றச்சாட்டு. அந்த உடுப்பில் இருந்தது கப்பலின் சுக்கான் சக்கரம். வளையத்துக்கு வெளியே கைப்பிடிகள் நீட்டிக்கொண்டிருக்கிற, மாலுமி பிடித்துத் திருப்புகிற சக்கரம். அந்த ஏழைப் பெண் விளக்கமறியலில் நாட்களைக் கழித்தார்.

எனக்கு அந்தச் செய்தி இன்னும் ஆறவில்லை. கடல் பக்கத்துப் பிள்ளை ஒன்றிடம் அந்த உடுப்பைக் காட்டியிருந்தால் பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருக்கும். துப்பறிவது என்பது கடைசியில் இதுதான் என்று நினைக்கிறேன்: பொருட்களை அறிந்திருப்பது. பார்வை எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், பார்க்கிற சாமான் இன்னதென்று தெரியாவிட்டால் அந்தக் கூர்மை ஒரு அப்பாவியைத்தான் குத்தும். பெல் டொக்டருக்கு ஒருவரின் கையைப் பார்த்துத் தொழில் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அந்தத் தொழில்கள் எல்லாம் கையை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் கரையில் அப்படிப்பட்ட கைகளுக்குக் குறைவே இல்லை. மீன் வாங்கப் போகிற வாப்பாமாரைப் பாருங்கள். விலை கேட்பதற்கு முன் ஒரு விரல் செவுளைத் தூக்கும். உள்ளே சிவப்பா, மங்கலா? பிறகு கண்ணைப் பார்ப்பார், வயிற்றை ஒருதரம் அமுக்கிப் பார்ப்பார். “இண்டைக்குக் காலையில பிடிச்சது” என்று வியாபாரி சத்தியம் பண்ணிக்கொண்டிருப்பார். விரல் அதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லியிருக்கும். சம்மாந்துறைப் பக்கம் நெல் வாங்குகிறவர் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடிப்பார். படக்கென்று உடைந்தால் காய்ந்தது, நசிந்தால் ஈரம். இதைவிட நல்ல துப்பறியும் பழக்கத்தை எந்தத் திரைக்கதை ஆசிரியர் கண்டுபிடிக்கப்போகிறார்? ஒரு நெல் ஆலைக்காரர் எதை யோசித்தாலும் சட்டைப் பையிலிருந்து ஒரு நெல்லை எடுத்துக் கடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரில் ஒருவர் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார். இவர் பேசாமல் கடிக்கிறார். நசிகிறது.

கல்முனை, அக்கரைப்பற்று, நிந்தவூர்ப் பக்கம் இப்போது கையில் இருக்கிற போனிலேயே குறும்படம் எடுக்கிற பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் துப்பறியும் கதையும் எடுக்கிறார்கள். நீளக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, கடற்கரை வெயிலில் வேர்த்து வடிந்துகொண்டு நடிக்கிறார்கள். அந்த ஆர்வத்துக்கு நான் தலை வணங்குகிறேன். அவர்களுக்காக ஒரு பாத்திரத்தை இங்கே விட்டுப் போகிறேன். விருப்பமானவர் எடுத்துக்கொள்ளலாம், என்னிடம் கேட்கவும் வேண்டாம்.

மருதமுனையில் ஒரு நெசவுக்கார உம்மா. அறுபது வயதிருக்கும். தறியில் உட்கார்ந்தே இடுப்பு வளைந்தவர். எந்தத் துணி கையில் கிடைத்தாலும் இரண்டு விரலுக்கிடையில் வைத்து உருட்டிப் பார்க்காமல் விடமாட்டார். கலியாண வீட்டுக்குப் போனால் பக்கத்தில் இருப்பவரின் முந்தானையை உருட்டுவார். பேரப்பிள்ளை மடியில் கிடந்தால் அதன் சட்டை ஓரத்தை உருட்டுவார். வீட்டில் எல்லோரும் அந்தப் பழக்கத்துக்கு ஏசுவார்கள். ஒரு நாள் காலையில் கடற்கரையில் ஒரு மையித்து. முகம் தெரியவில்லை. இடுப்பில் ஒரு சாரன். மருதமுனைக் கைத்தறி என்று எல்லோரும் சொல்கிறார்கள், கடைக்காரரும் சொல்கிறார், அதனால் பொலிஸ் அந்த ஊர் ஆட்களையே தேடிக்கொண்டிருக்கிறது. உம்மாவை யாரோ கூட்டிவருகிறார்கள். அவர் குனிந்து சாரனின் ஓரத்தை விரலுக்கிடையில் எடுக்கிறார். கைத்தறி நெய்கிறவருக்குத் தெரியும்: மனிதக் கை ஊடையை எப்போதும் ஒரே இறுக்கத்தில் தட்டாது, களைத்த நேரத்தில் கொஞ்சம் தளரும், கோபம் வந்த நேரத்தில் இறுகும். விரலை ஓட்டினால் அந்த ஏற்ற இறக்கம் தட்டுப்படும். மிசினில் அது வராது. கமரா அவருடைய முகத்துக்குப் போகக் கூடாது, விரலிலேயே நிற்க வேண்டும். ஓரம் முழுவதையும் உருட்டி முடித்துவிட்டு அவர் நிமிர்கிறார்.

“சேர், இது எங்கட ஊருச் சாரன் இல்ல. மிசின்ல அடிச்சதுக்கு எங்கட கரையைப் போட்டு வித்திருக்காங்க. இத வித்த கடைய முதல்ல தேடுங்க.”